முதலாம் இலக்கத் தாதி: எதெல் பெட்போர்ட் பென்விக் அம்மையார்

தாதிப் பணி என்றதும் எம்மில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் விளக்கேந்திய சீமாட்டி புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரே. பாடசாலை நாட்களில் அவரைப் பற்றி வாசித்தோம்; பேச்சுப் போட்டிகளிலே பேசினோம். ஆயினும் இன்று ஒரு தாதிக்குப் பதிவு இலக்கம் ஒன்று இருப்பதற்கும், அவர்களுக்கென ஒவ்வொரு நாட்டிலும் தேசிய சங்கம் இருப்பதற்கும் பெரிதும் வழிசமைத்தவர் இன்னொருவர். அவரே எதெல் பெட்போர்ட் பென்விக் அம்மையார். நைற்றிங்கேல் அம்மையாரின் எதிர்ப்பையும் மீறியே அவர் இதனைச் சாதித்தார் என்பது பலருக்கு வியப்பூட்டலாம். எமது பழைய மாணவிகளுள் தாதியப் பணியை வரித்துக்கொண்டோர் உள்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் பரந்து வாழ்கின்றனர். எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரிலே, சங்கம் அமைப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட இப்பெண்மணியை நினைவுகூர்வது பொருத்தமென எண்ணுகின்றோம்.

எதெல் கோர்டன் மான்சன் 1857 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எல்ஜின் நகருக்கு அண்மையில் பிறந்தார். தந்தையார் அவரது குழந்தைப் பருவத்திலேயே காலமானார். தாயார் மறுமணம் செய்துகொண்டதால் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில், வசதி படைத்த குடும்பத்தில் வளர்ந்தார். உழைத்துத்தான் வாழவேண்டும் என்ற தேவை அவருக்கு இருக்கவில்லை. எனினும் 21 வயதில் நொட்டிங்ஹாம் சிறுவர் வைத்தியசாலையில் பயிலுநர் தாதியாகச் சேர்ந்தார். தொடர்ந்து மான்செஸ்டரில் பயின்று, பின்னர் இலண்டன் வைத்தியசாலையில் வார்ட் ஒன்றுக்குப் பொறுப்பான சிஸ்ராகப் பணியாற்றினார். 1881 இல், தமது 24 ஆவது வயதில், இலண்டனின் மிகப் பழைய வைத்தியசாலையான சென் பார்த்தலோமியுவின் மேற்றனாக நியமிக்கப்பட்டார். தாம் பெற்றது ஓராண்டளவான பயிற்சியே என்றபோதிலும், அங்கு தாதியரின் பயிற்சிக் காலத்தை மூன்று ஆண்டுகளாக உயர்த்தியவர் அவரே.

1887 இல் வைத்தியர் பெட்போர்ட் பென்விக்கைத் திருமணம் செய்தபோது, அக்கால வழக்கப்படி மேற்றன் பதவியைத் துறந்தார். அன்றைய பெண்ணுக்குத் திருமணம் என்பது உத்தியோகத்தின் முடிவாகவே இருந்தது. எதெல் அம்மையாருக்கோ அது பொதுவாழ்வின் தொடக்கமாயிற்று. அதே ஆண்டில், இலண்டன் அப்பர் விம்போல் வீதி 20 ஆம் இலக்க இல்லத்தில் அவர் கூட்டிய கூட்டத்தில் பிரித்தானியத் தாதியர் சங்கம் உருவாயிற்று. விக்ரோறியா மகாராணியின் புதல்வி இளவரசி ஹெலெனா அதன் தலைவியானார்.

சங்கத்தின் தேவை என்ன? அக்காலத்தில் எவரும் தம்மைத் தாதி என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று ஆண்டுகள் பயின்றவரும், ஒரு நாளும் பயிலாதவரும் ஒரே வகையான சீருடையில் நோயாளியின் கட்டிலருகே நிற்கலாம். வேறுபாட்டை அறிய நோயாளிக்கு வழியே இல்லை. வைத்தியர்களுக்கு 1858 முதலே சட்டபூர்வமான பதிவேடு இருந்தது. அதுபோன்று தாதியருக்கும் வேண்டும், ஒரே தரமான பயிற்சியும் அரச பரீட்சையும் வேண்டும் என்பதே அம்மையாரின் கோரிக்கை. நைற்றிங்கேல் அம்மையார் இதனை ஏற்கவில்லை. பரீட்சையால் அறிவை அளக்கலாம், அன்பையும் ஒழுக்கத்தையும் அளக்க முடியாது என்பது அவர் கருத்து. பெரிய வைத்தியசாலைகளின் நிர்வாகங்களும் எதிர்த்தன. 1893 இல் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது உண்மையே. ஆனால் பதிவேடு வைத்திருக்கும் அதிகாரம் அதில் வழங்கப்படவில்லை. பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்திருக்க மட்டுமே அனுமதி கிடைத்தது.

அடுத்து வந்த சோதனை உள்ளிருந்தே வந்தது. தாம் உருவாக்கிய சங்கத்தில் ஆண் வைத்தியர்களின் செல்வாக்கு ஓங்கியது, அம்மையார் ஓரங்கட்டப்பட்டார், பதிவுக் கோரிக்கையிலிருந்தே சங்கம் பின்வாங்கிய காலமும் வந்தது. அவர் மனந்தளரவில்லை. 1893 இல் தாதியர் சஞ்சிகை ஒன்றின் பொறுப்பை ஏற்று, அரை நூற்றாண்டுக்கு மேலாக அதன் ஆசிரியராக விளங்கினார். 1902 முதல் அது பிரித்தானியத் தாதியச் சஞ்சிகை எனப் பெயர் பெற்றது. 1894 இல் மேற்றன்மாருக்கான பேரவையை அமைப்பதில் முன்னின்றார். சிக்காகோ உலகக் கண்காட்சியின் பொருட்டு அமெரிக்கா சென்று அந்நாட்டுத் தாதியர் தலைவிகளின் நட்பைப் பெற்றார். அந்த நட்பின் பயனாக 1899 இல் சர்வதேசத் தாதியர் பேரவை தோன்றியது. எதெல் அம்மையார் முதற் தலைவி. அமெரிக்கரான லவினியா டொக் முதற் செயலாளர். ஒவ்வொரு நாட்டின் தாதியரும் முதலில் தமக்கென ஒரு தேசிய சங்கத்தை அமைத்து, அதனூடாகவே உலகப் பேரவையில் இணையவேண்டும் என்பது அதன் அடிப்படை. பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில் யாப்பு எழுதவும், தேர்தல் நடத்தவும், கணக்குக் காட்டவும் தாதியர் பழகியது இச்சங்கங்களிலேதான். அம்மையார் பெண்கள் வாக்குரிமைக்காகவும் குரல் கொடுத்தவர் என்பதை இங்கு குறிப்பிடவேண்டும்.

1901 இல் நியூசிலாந்து தாதியர் பதிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பிரித்தானியாவிலோ 1904 முதல் சட்டமூலங்கள் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டுத் தோற்றன. 1905 இல் பாராளுமன்றத் தெரிவுக்குழு பதிவுக்குச் சாதகமாகப் பரிந்துரைத்தது. 1908 இல் பிரபுக்கள் சபை சட்டமூலம் ஒன்றை நிறைவேற்றியது. அப்போதும் சட்டம் வரவில்லை. முதலாம் உலகப் போரின்போது குறுகிய பயிற்சியோடு ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வார்ட்டுகளில் பணிபுரிந்தபோதுதான் பயிற்றப்பட்ட தாதி யார் என்ற கேள்வி நாட்டவர் அனைவருக்கும் உறைத்தது. இறுதியில் 1919 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. 32 ஆண்டு காலப் போராட்டம் அது. 1921 இல் திறக்கப்பட்ட பதிவேட்டின் முதலாம் இலக்கத்தில் எதெல் கோர்டன் பென்விக் என்ற பெயர் இடம்பெற்றது.

அம்மையாரைக் குறையற்றவராகக் காட்டுவது எமது நோக்கமன்று. விட்டுக்கொடுக்கும் இயல்பு அவரிடம் குறைவு. நல்ல குடும்பத்தில் பிறந்து நன்கு கற்ற பெண்களே தாதியராகவேண்டும் என எண்ணினார். வறிய வீடுகளிலிருந்து வந்து நெடுங்காலம் உழைத்த தாதியர் பலர் அவரிடம் அச்சங்கொண்டனர். 1916 இல் தோன்றி, பின்னாளில் ரோயல் தாதியர் கல்லூரியாக வளர்ந்த அமைப்புடன் அவரால் இணங்கிப் போக முடியவில்லை. புதிய தாதியர் பேரவையில் விண்ணப்பங்களை அவர் நுணுகி நுணுகி ஆராய்ந்ததால் பதிவு தாமதமாகிப் பலரும் சினந்தனர். பதிவு பெற்ற தாதியர் முதன்முறையாக வாக்களித்தபோது அவரைத் தோற்கடித்தனர். எந்த வாக்குரிமையை அவர் தாதியருக்குப் பெற்றுக்கொடுத்தாரோ அதனாலேயே அவர் தோற்றார். ஆயினும் பதிவேடு நிலைத்தது, பேரவையும் நிலைத்தது.

1947 மார்ச் 13 ஆம் திகதி, 90 வயதில் அம்மையார் இலண்டனில் காலமானார். அவர் தொடக்கிய சர்வதேசப் பேரவையில் இன்று 130 இற்கும் மேற்பட்ட நாடுகளின் தேசிய சங்கங்கள் இணைந்துள்ளன. எமது நாட்டிலும் 1988 இல் தாதியர் பேரவைச் சட்டம் இயற்றப்பட்டது. அவர் வாழ்ந்த அப்பர் விம்போல் வீதி இல்லத்தில் நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. இலண்டனில் வாழும் எமது சகோதரிகள் அவ்வழியே செல்லும்போது சற்று நின்று பார்க்கலாம்.

ஒரு சங்கத்தின் கூட்டத்துக்கு வருவதும், சந்தா செலுத்துவதும், நிர்வாகக் குழுவில் மாறுபட்ட கருத்தைப் பொறுமையோடு கேட்பதும் சிறிய காரியங்களாகத் தோன்றலாம். ஒரு தொழிலின் மதிப்பும், நோயாளி ஒருவரின் பாதுகாப்பும் அத்தகைய சிறிய காரியங்களால் கட்டியெழுப்பப்பட்டவையே. நூறாண்டு கண்ட எமது சங்கமும் அவ்வாறே வளர்ந்தது. நோயுற்றோரின் கட்டிலருகே இன்றிரவும் கண்விழித்திருக்கும் எமது கல்லூரியின் புதல்வியர் அனைவருக்கும் இக்கட்டுரையை அன்புடன் உரித்தாக்குகின்றோம்.