மகனுக்கு ஒரு ஏக்கர் ஒதுக்கச் சொன்னவர்

உங்கள் மகன் வயலில் புது முறை ஒன்றைச் செய்து பார்க்கிறேன் என்கிறான். சம்மதிப்பீர்களா, வாயை மூடச் சொல்வீர்களா? நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலும் விவசாயக் குடும்பங்களில் இந்தச் சிக்கல் இருந்தது. அதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் சீமன் நாப்.

1833-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். காலில் பட்ட அடியால் சில ஆண்டுகள் ஊன்றுகோலோடு நடந்தார். 1866-ல் அயோவாவில் குடியேறி விவசாயத்தில் இறங்கினார். அங்குள்ள வேளாண் கல்லூரியில் பேராசிரியராகி, அதன் தலைவராகவும் உயர்ந்தார். பிறகு லூசியானாவில் நெல் சாகுபடியைப் பரப்பினார்.

1903-ல் டெக்சாஸ் பருத்தியைக் காய்க் கூன்வண்டு அழித்துக்கொண்டிருந்தது. அரசுப் பண்ணையில் விளைவதை விவசாயி நம்புவதில்லை என்பது நாப்புக்குத் தெரியும். எனவே டெரல் ஊரில் ஒரு விவசாயியின் சொந்த நிலத்திலேயே, அவர் கையாலேயே புது முறையைச் செய்ய வைத்தார். நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வணிகர்கள் பணம் திரட்டி வைத்தனர். அந்தப் பணத்தைத் தொடவே தேவைப்படவில்லை, லாபம்தான் வந்தது.

அப்படியும் பல தகப்பன்மார் அசையவில்லை. 1907-ல் மிசிசிப்பியில் ஒரு பள்ளி அதிகாரி, சிறுவர்களுக்கு மக்காச்சோள மன்றம் தொடங்கினார். நாப் அதற்குக் கைகொடுத்துத் தெற்கு முழுவதும் பரப்பினார். பையனுக்குத் தகப்பன் ஒரு ஏக்கர் தர வேண்டும். உழவு, விதை, உரம், வரவு செலவுக் கணக்கு எல்லாம் பையன் பொறுப்பு. அதே பண்ணையில் ஒரு பக்கம் அப்பாவின் சோளம், மறுபக்கம் மகனின் சோளம்! அறுவடையில் யார் சொன்னது சரி என்பதை நிலமே காட்டிவிடும்.

அன்று அமெரிக்காவின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 30 புஷலுக்கும் கீழே. 1910-ல் தென் கரோலினாவில் ஒரு சிறுவன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் எடுத்தான். நம் கணக்கில் சுமார் 5,800 கிலோ. அதே ஆண்டு, அதே மாநிலத்தில் சிறுமிகளுக்கும் 10 சென்ட்டில் தக்காளி மன்றம் தொடங்கியது.

1911-ல் நாப் மறைந்தார். அவர் விட்ட பணியை ஏற்றவர் அவருடைய மகன் பிராட்போர்ட். 1914-ல் வேளாண் விரிவாக்கத்துக்குச் சட்டமே வந்தது. இன்று உங்கள் வயலில் போடும் செயல்விளக்கத் திடலும் அதே வழிதான்.

ஒரு ஏக்கர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வரும் பட்டத்தில் மகனுக்கோ மகளுக்கோ 10 சென்ட் ஒதுக்குங்கள். கூடவே ஒரு கணக்கு நோட்டும் கொடுங்கள். அறுவடை வரை குறுக்கே போகாமல் இருப்பதுதான் உங்கள் வேலை.