மாண்டிசோரி யார்? பெற்றோருக்குப் பாடம் சொன்ன டாக்டர்... பெற்ற மகனை ஊரறியச் சொல்ல முடியாத 40 வருடங்கள்!

அட்மிஷன் சீசன் வந்தாலே மாண்டிசோரி என்ற பெயருக்கு ஒரு தனி மவுசு வந்துவிடும். சின்ன ஊர்களில்கூட அந்தப் பெயரில் போர்டு மாட்டிய பள்ளியைப் பார்க்கலாம். ஆனா அது ஒரு பெண்ணின் பெயர், அவர் ஒரு டாக்டர், சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் வருடக்கணக்கில் வாழ்ந்தவர் என்பதெல்லாம் பிள்ளையைச் சேர்க்க ஓடும் பலருக்குத் தெரியாது.

பெற்றோருக்கு அவர் சொன்னது ரொம்ப எளிமையான விஷயம். குழந்தையின் வேலையைக் குழந்தையே செய்யட்டும், பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று கவனித்தால் போதும். இதைச் சொன்னவருக்கோ, தன் மகனைப் பக்கத்தில் வைத்து வளர்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. என்ன நடந்தது?

அப்பா வேண்டாம் என்றார்... அம்மா துணை நின்றார்

1870 ஆகஸ்ட் 31. இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் மரியா மாண்டிசோரி பிறந்தார். அப்பா அரசு அதிகாரி, அம்மா நிறையப் படிப்பவர். அந்தக் காலத்தில் படித்த பெண் என்றால் டீச்சர் வேலைதான். மரியா முதலில் இன்ஜினியரிங் பக்கம் போனார். பிறகு மருத்துவம்தான் என்று முடிவு செய்தார். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. அம்மாதான் கூடவே நின்றார்.

ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பது தகாத செயலாகக் கருதப்பட்ட காலம் அது. அதனால் எல்லோரும் போன பிறகு, சடலங்களுக்கு நடுவே தனியாக இருந்து படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

மனதை உறுத்திய ஒரு கேள்வி

மனநல மருத்துவமனைப் பணியில் இருந்தபோது, அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளை வெறும் அறைகளில் அடைத்து வைத்திருப்பதைப் பார்த்தார். தொட்டு விளையாட ஒரு பொருள்கூட அவர்களிடம் இல்லை. இவர்களுக்கு மருந்தைவிடக் கைக்கு வேலைதான் முக்கியம் என்று மரியாவுக்குத் தோன்றியது.

தொட்டுப் பார்த்து, அடுக்கிப் பார்த்துக் கற்கும்படி அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் சிலர் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்விலேயே பாஸ் ஆனார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். மரியாவுக்கோ வேறு கவலை. இந்தக் குழந்தைகளே இவ்வளவு செய்ய முடியும் என்றால், நல்ல ஆரோக்கியமான பசங்களைப் பள்ளிகள் ஏன் இந்த அளவிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன?

மறைக்கப்பட்ட மகன்

இதே காலகட்டத்தில், உடன் பணியாற்றிய டாக்டர் ஜியுசெப்பே மான்டெசானோவுடன் காதல். 1898-ல் மகன் மரியோ பிறந்தான். திருமணம் ஆகவில்லை. திருமணம் செய்தால் வேலையை விட வேண்டும், விஷயம் வெளியே தெரிந்தால் பேரும் போகும். குழந்தை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மரியா அவ்வப்போது போய்ப் பார்ப்பார், ஆனா தான்தான் அம்மா என்று சொல்ல மாட்டார்.

1901-ல் மான்டெசானோ வேறு ஒருவரை மணந்தார். சேர்ந்து நடத்திய நிறுவனத்திலிருந்து மரியா வெளியேறினார்.

சான் லொரென்சோவில் என்ன நடந்தது?

ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு சான் லொரென்சோ. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, குட்டிப் பசங்க படிக்கட்டிலும் சுவரிலும் கைவரிசை காட்டினார்கள். கட்டடத்தைச் சரிசெய்த நிறுவனம், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மரியாவிடம் கொடுத்தது. 1907 ஜனவரி 6-ம் தேதி குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. முதலில் வந்தது சுமார் 50 பிள்ளைகள்.

தரையோடு பொருத்திய பெஞ்சுகள் அங்கே இல்லை. குழந்தையே தூக்கி நகர்த்தும் குட்டி மேசை, நாற்காலிகள்தான். 3 வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளைச் சரியான குழிகளில் பொருத்தும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தும், சுற்றி மற்றவர்கள் பாட்டுப் பாடியும் அவள் நிமிரவே இல்லை. 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, சந்தோஷமாக எழுந்தாள். குழந்தைக்குக் கவனம் இல்லை என்று சொல்வதற்கு முன், அதற்குப் பிடித்த வேலை கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரியா அன்று கற்ற பாடம் இதுதான்.

ஒருநாள் டீச்சர் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால், ஆளுக்கொரு பொருளை எடுத்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். டீச்சர் அதைத் திருட்டு என்று நினைத்தார். மரியா அதைத் தேர்வு என்று புரிந்துகொண்டார். அதன் பிறகு அலமாரிக்குப் பூட்டு இல்லை. பரிசு, மெடல் எல்லாவற்றையும் பசங்களே கண்டுகொள்ளாததால் அவற்றையும் நிறுத்தினார்.

பெற்றோருக்கும் விதிமுறை!

எழுதப் படிக்கத் தெரியாத சில அம்மாக்கள் வந்து, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கக் கேட்டார்கள். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய பிள்ளைகள், சில மாதங்களில் தரையிலும் சுவரிலும் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார்கள்.

இல்லத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனா பெற்றோருக்குக் கடமை இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டி, சுத்தமான உடையில் அனுப்ப வேண்டும். டீச்சரை மதிக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது அம்மா வந்து வீட்டு நிலவரத்தைச் சொல்லி, டீச்சரிடம் ஆலோசனை கேட்கலாம். டீச்சர் குடியிருந்ததும் அதே கட்டடத்தில்தான். பள்ளியும் வீடும் சேர்ந்து வளர்த்தால்தான் குழந்தை வளரும் என்பதை மரியா சட்டமாகவே எழுதி வைத்தார்.

அடையாறில் வந்த தந்தி

மரியாவின் புகழ் உலகம் முழுக்கப் பரவியது. அவருடைய அம்மா 1912-ல் இறந்த பிறகு, 15 வயது மரியோ அவரோடு வந்து சேர்ந்தான். ஆனா வெளியில் உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன் என்றுதான் அறிமுகம்.

ஆரம்பத்தில் முசோலினி அரசு அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. பிறகு மோதல் வந்தது. 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1939-ல் அடையாறு தியோசாபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பில் மரியோவுடன் சென்னை வந்து, சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி கொடுத்தார்.

1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் பிரிட்டிஷ் அரசு மரியோவைச் சிறை முகாமில் வைத்தது. மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவு. அந்த ஆண்டு அவரது 70-வது பிறந்தநாளில் வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிக்கிறோம் என்பதே அதன் சாரம். 42 வருடங்களுக்குப் பிறகு ஒரு அரசாங்கத் தாளில் மரியோ அவருடைய மகனாக ஆனார்.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான பாடமுறையைத் தாயும் மகனும் சேர்ந்து அங்கேதான் வளர்த்தெடுத்தார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதனால் போர்டை மட்டும் நம்ப வேண்டாம். வகுப்பில் பிள்ளை தானே வேலையைத் தேர்ந்தெடுக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் செய்ய வேண்டியதற்குக் காசு தேவையில்லை:

- ஷூ மாட்டுவது, பை அடுக்குவது எல்லாம் லேட் ஆனாலும் பிள்ளையே செய்யட்டும்.
- ஏதாவது ஒன்றில் மூழ்கியிருக்கும்போது, பாராட்டுவதற்காகக்கூடக் குறுக்கே போக வேண்டாம்.
- ஹோம்வொர்க்கை நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள். தவறைப் பிள்ளையே கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள்.
- மார்க் குறைந்தால் மட்டும் டீச்சரைப் பார்க்கப் போகாதீர்கள். வீட்டில் நடப்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

1952 மே 6-ம் தேதி, நெதர்லாந்தில் மரியா மாண்டிசோரி காலமானார். அவரது உயிலில் மரியோவை மகன் என்றே குறிப்பிட்டிருந்தார். அம்மா தொடங்கிய வேலையை, 1982-ல் இறக்கும் வரை அந்த மகன்தான் நடத்தினார்.