சேர் பொன்னம்பலம் அருணாசலம்: புலமைப்பரிசிலும் சருவகலாசாலையும்

நம் வாலிபர் பலர் பிறநாட்டுப் பெருங்கலாசாலைகளுக்கு விண்ணப்பஞ் செய்து, பணவுதவி கிட்டுமோ கிட்டாதோ என ஏங்கி நிற்கின்றனர். பெற்றோர் சிலர் அதற்காகக் காணியை ஈடுவைக்கவும் துணிகின்றனர். இந்நிலையில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வழியிற் சென்று மீண்ட ஒரு பெரியாரின் சரித்திரத்தை நாம் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியாருக்கு மூன்றாம் புதல்வராக, 1853 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆந் திகதி கொழும்பிலே அருணாசலம் பிறந்தார். குமாரசுவாமியும் இராமநாதனும் தமையன்மார். கொழும்பிலே பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை எடுப்பித்த சிவநேசச் செல்வரே தந்தையார். சேர் முத்துக்குமாரசுவாமி தாய்மாமன்.

அக்காலத்தில் உயர்கல்வி வேண்டிய தமிழர் பாக்குநீரிணையைக் கடந்து சென்னையையே நாடினர். சென்னைச் சருவகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக 1857 இல் வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் நம் யாழ்ப்பாணத்தவரே. அருணாசலத்தின் தமையன்மாரும் சென்னைக்கே அனுப்பப்பட்டனர். இளையவருக்கோ வேறு வழி திறந்தது. அந்நாளிற் கொழும்பு அக்கடமி என வழங்கிய றோயல் கல்லூரியிலே கற்று, 1870 இல் அரசாங்கப் புலமைப்பரிசிலை வென்று, கேம்பிறிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார். சுயெஸ் கால்வாய் திறந்து ஓராண்டே ஆகியிருந்தது. அங்கே கிரேக்க இலத்தீன் இலக்கியங்களையும் கணிதத்தையும் பயின்று சிறந்தார். கல்லூரியும் தன் சொந்த நிதியிலிருந்து அவருக்குப் பரிசில் அளித்துக் கௌரவித்தது.

இங்கே ஒன்றை நாம் மறைக்கலாகாது. அருணாசலம் வறியவர் அல்லர். அப்பரிசில் அறிவுக்குத் தந்த வெகுமதியேயன்றி ஏழைக்கு இரங்கிச் செய்த உதவியன்று. பரீட்சையில் முதன்மை பெற்றவனுக்கு அது கிடைத்தது. அவனுக்கடுத்து நின்ற ஏழை மாணவன் வீடு திரும்பினான். வறுமையும் மேதையும் ஒருங்கு கூடிய இராமானுஜன் 1914 இல் கேம்பிறிட்ஜ் சென்றபோது, சென்னைச் சருவகலாசாலை ஆண்டுக்கு 250 பவுண் கொடுத்தது. அதில் 50 பவுண் ஊரிலிருந்த குடும்பத்துக்கெனப் பிரிக்கப்பட்டது. உதவி வேண்டிச் செல்பவனுக்குப் பின்னே ஒரு வீட்டின் அடுப்பும் எரிய வேண்டும் என்பதை அத்தொகை காட்டுகின்றது. இன்று ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்ரன் முதலிய சில கலாசாலைகள் அயல்நாட்டு மாணவனையும் பணநிலை பாராது தெரிந்தெடுத்து, தேவைக்கேற்ப உதவுகின்றன. ஏனைய பெரும்பாலானவை அவனால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதையும் எடைபோட்டே இடமளிக்கின்றன. விண்ணப்பிக்கும் வாலிபர் இவ்வேறுபாட்டை விசாரித்தறிதல் நன்று.

அருணாசலம் 1875 இல் பாரிஸ்டராகி, அவ்வாண்டே போட்டிப் பரீட்சையின் வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். அவ்வாறு புகுந்த முதல் இலங்கையர் அவரே. நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் இருந்து, 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி, அறிஞர் போற்றும் அறிக்கை ஒன்றும் எழுதினார். பதவியும் மேல்நாட்டுக் கல்வியும் அவரைச் சைவத்தினின்றும் பிரிக்கவில்லை. பொலனறுவையிற் கிடைத்த வெண்கலத் திருமேனிகளைப் பற்றியும் சிவ வழிபாட்டின் தத்துவத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் அவர் எழுதியவற்றை நம் இளைஞர் தேடிப் படிக்க வேண்டும்.

தாம் பெற்ற கல்வி பிறர் மக்களுக்கு எட்டாதிருப்பது அவர் உள்ளத்தை உறுத்திற்று. தம் மைந்தர் மகாதேவாவை அவராற் கேம்பிறிட்ஜுக்கு அனுப்ப முடிந்தது. கோப்பாயிலும் காலியிலும் உள்ள ஆசிரியர் ஒருவரால் முடியுமா? 1906 இல் இலங்கைச் சருவகலாசாலைச் சங்கம் தோன்றியபோது அவரே அதன் உயிர்நாடியாக நின்றார். சிறு தீவுக்கு இது தாங்காத செலவு என்றும், இலண்டன் பட்டத்தின் மதிப்புக் கெடும் என்றும் கூறியோருக்கு எதிராக ஓயாது எழுதினார், பேசினார். ஆங்கிலம் கற்றோர் தாய்மொழிக்கு அந்நியராகிவிடுகின்றனர் என்பதும் அவர் கவலை. தமிழும் சிங்களமும் உயர்கல்வியில் இடம்பெற வேண்டுமென வற்புறுத்தினார். பதினைந்து ஆண்டுகளின் பின், 1921 இல், கொழும்பிலே சருவகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவும் இலண்டன் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் கல்லூரியாகவே இருந்தது.

தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக அவர் ஆற்றிய பணியும் பின்னர் அதனைவிட்டு நீங்கிய வரலாறும் தனியே எழுதற்குரியன. 1924 ஜனவரி 9 ஆந் திகதி, தலயாத்திரை சென்றவிடத்து, மதுரையிலே அவர் சிவபதமடைந்தார்.

அவர் கண்ட கனவு 1942 இல் இலங்கைச் சருவகலாசாலையாயிற்று. பேராதனையிலே மாணவர் தங்கும் விடுதியொன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. 1945 இல் வந்த இலவசக் கல்வியால், பரிசில் வெல்லாதவனும் கட்டணமின்றிப் பட்டம் பெறும் நிலை உண்டாயிற்று. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது, அதற்கு இடமாக அமைந்தது தமையனார் இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவேயாம். மானிப்பாயிலிருந்து அங்கே சைக்கிளிற் போய்வரலாம்.