பசியை ஒழிக்க விதை சேர்த்தார். பசியாலேயே இறந்தார்: யார் இந்த வவிலோவ்?

ஊரெல்லாம் ஒரே ரகப் பட்டாணியைப் பயிரிட்டா என்ன ஆகும்? புதுசா ஒரு நோய் வந்தால் மொத்த விளைச்சலும் போகலாம். அதைத் தாங்கும் மரபணு ஏதோவொரு காட்டுப் பட்டாணியிலோ, மலைக் கிராமத்துப் பழைய ரகத்திலோ இருக்கலாம். நூறு வருஷத்துக்கு முன்பே இதை உணர்ந்தவர் ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் வவிலோவ்.

விதை தேடிய பயணம்

1887-ல் மாஸ்கோவில் பிறந்தார். 1924-ல் ஆப்கானிஸ்தான், 1927-ல் எத்தியோப்பியா என வயல், சந்தை, மலைப்பாதை எல்லாம் அலைந்தார். கோதுமை, பட்டாணி, பருப்பு என அவரும் குழுவினரும் சேர்த்த விதை மாதிரிகள் லட்சத்தைத் தாண்டின. எல்லாம் லெனின்கிராடு நிறுவனத்தில் சேமிக்கப்பட்டன.

சிறையில் முடிந்த வாழ்க்கை

ஸ்டாலினின் ஆதரவு பெற்ற லைசென்கோ மரபியலையே ஏற்கவில்லை. அவரை எதிர்த்த வவிலோவ் 1940-ல் கைதானார். 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில், பட்டினியால் உடல் நலிந்து இறந்தார்.

அதே காலத்தில் லெனின்கிராடை ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்தது. நிறுவன ஊழியர்கள் சிலர் பசியால் செத்தார்கள். ஆனால், காவல் காத்த விதையைச் சாப்பிடவில்லை.

1955-ல் வவிலோவ் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எனப் பெயர் மாறிய அதே நகரில், அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் பட்டாணி உட்பட அந்த விதைச் சேகரிப்பை இன்றும் பாதுகாக்கிறது.