மரத்தில் கடதாசி செய்த சார்லஸ் ஃபெனெர்ட்டி

உங்கள் கொப்பியைத் தொட்டுப் பாருங்கோ. அது ஒரு காலத்தில் மரமாக நின்றது. ஆனால் 200 ஆண்டுகளுக்கு முன் கனடாவில் கடதாசியைக் கந்தல் துணியில்தான் செய்தார்கள். கிழிந்த சட்டையும் பழைய விரிப்பும் ஆலைக்குப் போகும். அதுவும் மறுசுழற்சிதானே! வாசிக்கிறவர்கள் கூடக் கூடக் கந்தல் போதவில்லை.

ஃபெனெர்ட்டி 1821இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். அவருடைய குடும்பம் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தது. துணியிலும் நார் இருக்கு, மரத்திலும் நார் இருக்கு. அப்போ மரத்தில் ஏன் கடதாசி செய்ய ஏலாது?

ஸ்புரூஸ் மரத்தைக் கூழாக்கினார். கூழை வலையில் மெல்லியதாகப் பரப்பினால் தண்ணீர் வடியும். நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு அழுத்திக் காய வைக்க வேண்டும். நன்றாக அழுத்தும் வசதிதான் அவரிடம் இல்லை. ஆனாலும் உறுதியான, வெள்ளைக் கடதாசி வந்தது!

1844 அக்டோபரில் அதை ஒரு கடிதத்தோடு ஹாலிஃபாக்ஸ் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். கடிதம் அச்சில் வந்தது. அவ்வளவுதான். அவர் காப்புரிமை எடுக்கவில்லை. அதே காலத்தில் ஜெர்மனியில் கெல்லர் என்ற நெசவாளரும் மரத்தை அரைத்துக் கடதாசி செய்தார். உரிமை கெல்லருக்குக் கிடைத்தது. பாவம், அவரும் அதனால் பணக்காரர் ஆகவில்லை.

ஃபெனெர்ட்டி கவிதை எழுதினார், ஆஸ்திரேலியா வரை போய் வந்தார். 1892இல் அவர் இறந்தபோது பத்திரிகைகள் பெரும்பாலும் மரக்கூழ்க் கடதாசியில் அச்சாகிக்கொண்டிருந்தன. கனடா அவரை நினைத்து முத்திரை வெளியிட்டது 1987இல்தான்.