பொய் சொல்ல மறுத்தவர் செய்த பூட்டு



உங்கள் வீட்டில் இரும்பு பீரோ இருக்கிறதா? அதன் கதவை மூடிக் கைப்பிடியைத் திருகினால் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சாவியைச் சுழற்றியதும் அம்மா நிம்மதியாக வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். ஒரு சின்னச் சாவியை நம்பி நகை, பணம், வீட்டுப் பத்திரம், உங்கள் மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறோம். எத்தனை பெரிய நம்பிக்கை பார்த்தீர்களா?

அந்த நம்பிக்கையை நம் நாட்டிலேயே செய்து கொடுக்க முடியும் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் அர்தேஷிர் கோத்ரேஜ். பூட்டு செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர், வக்கீலுக்குப் படித்தவர். பொய் சொல்ல மனம் வராததால் அந்த வேலையை விட்டவர். வாருங்கள், அவர் கதையைப் பார்ப்போம்.

கறுப்பு அங்கியைக் கழற்றினார்

1868-ஆம் ஆண்டு பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், ஒரு பார்சி குடும்பத்தில் அர்தேஷிர் பிறந்தார். ஆறு குழந்தைகளில் அவரே மூத்தவர். தந்தை பர்ஜோர்ஜி நிலம், வீடு வாங்கி விற்கும் தொழில் செய்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் துன்பம் சீக்கிரமே வந்தது. திருமணமாகிச் சிறிது காலத்திலேயே, 1891-இல், மனைவியை இழந்தார். அதன் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சட்டம் படித்து முடித்த அவர், 1894-இல் ஒரு வழக்குக்காகக் கடல் கடந்து ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 26. வழக்கு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சிக்கல். தம் கட்சிக்காரர் வெல்ல வேண்டுமானால், உண்மையைக் கொஞ்சம் வளைத்துப் பேச வேண்டும். அர்தேஷிர் மறுத்துவிட்டார். கட்சிக்காரர் கேட்டுப் பார்த்தார். மற்றவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. வழக்கையும் விட்டார், வக்கீல் தொழிலையும் விட்டார், கப்பலேறி ஊருக்குத் திரும்பினார்.

யோசித்துப் பாருங்கள் குழந்தைகளே! பல ஆண்டுகள் படித்த படிப்பு. ஊரே மதிக்கும் தொழில். கையில் வேறு வேலை கிடையாது. அந்த நிலையில் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

முதல் முயற்சி தோற்றது

ஊர் திரும்பியவர் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி போன்ற கருவிகள் எல்லாம் இங்கிலாந்திலிருந்தே வந்தன. இவற்றை நாமே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தந்தையிடம் பணம் கேட்க அவருக்கு மனமில்லை. தந்தையின் நண்பர் மெர்வான்ஜி காமாவிடம் 3,000 ரூபாய் கடன் வாங்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

கருவிகள் அருமையாக வந்தன. அவற்றை வாங்கி விற்க ஒரு வெள்ளைக்கார வியாபாரியும் முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கருவியின் மேல் இந்தியாவில் செய்தது என்று பொறிக்கக் கூடாது. பொறித்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்றார். அர்தேஷிருக்கு இது இன்னொரு பொய்யாகவே பட்டது. இங்கே செய்த பொருளை எங்கோ செய்ததாகக் காட்டி விற்பதா? முடியாது என்றுவிட்டார். வியாபாரம் படுத்துவிட்டது. கடன் மட்டும் மிஞ்சியது.

பத்திரிகையில் வந்த செய்தி

அந்தச் சமயத்தில் பம்பாயில் திருட்டு அதிகமாக இருந்தது. பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு செய்தி வந்தது. எல்லாரும் அதைப் படித்துப் பயந்தார்கள். அர்தேஷிர் படித்து யோசித்தார். திருடர்கள் அதிகமாக இருந்தால் நல்ல பூட்டு வேண்டுமே! நல்ல பூட்டுக்கோ சீமையை நம்ப வேண்டியிருந்தது.

மறுபடியும் காமாவிடமே போனார். முதல் கடனை இன்னும் அடைக்கவில்லை. ஆனாலும் காமா இரண்டாம் முறையும் உதவினார். ஏன் தெரியுமா? தோற்றது ஏன் என்பதை அர்தேஷிர் மறைக்காமல் சொல்லியிருந்தார். உண்மை பேசுகிறவருக்குக் கடன் கொடுக்க யாரும் பயப்படுவதில்லை.

1897-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி, பம்பாய் லால்பாக் பகுதியில் ஒரு கொட்டகையில் பூட்டுத் தொழில் தொடங்கியது. கொட்டகையின் அளவு சுமார் 215 சதுர அடிதான். உங்கள் வகுப்பறையில் ஏறக்குறைய பாதி! குஜராத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்த ஒரு டஜன் கைத்தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

பூட்டுக்குள்ளே என்ன இருக்கிறது?

கடையில் பூட்டு வாங்கும்போது 6 லீவர், 7 லீவர் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பூட்டுக்குள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அந்தத் தகடுதான் லீவர். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் மேலே தூக்கும். ஒவ்வொன்றும் அதற்கென்று உள்ள சரியான உயரத்துக்கு எழும்ப வேண்டும். ஒன்று கொஞ்சம் குறைந்தாலும் திறக்காது. ஒன்று கொஞ்சம் கூடினாலும் திறக்காது.

ஒரு கணக்குப் போடுவோமா? 6 தகடுகள். ஒவ்வொன்றுக்கும் 5 விதமான உயரம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5-ஐ ஆறு முறை பெருக்கினால் 15,625 வரும். அத்தனை விதமான சாவி செய்யலாம். அவற்றில் ஒன்றுதான் உங்கள் பூட்டைத் திறக்கும்!

அர்தேஷிர் தம் முதல் பூட்டுக்கு 'ஆங்கர்' என்று பெயர் வைத்தார். நங்கூரம் என்று பொருள். உத்தரவாதத்தோடு அதை விற்றார். அடுத்து ஒரு வேடிக்கையான பூட்டு செய்தார். தவறான சாவியைப் போட்டுத் திருப்பினால், உள்ளே ஒரு தாழ் தெறித்து நின்றுவிடும். சொந்தக்காரர் வந்து தம் சாவியைப் போட்டதுமே, யாரோ கை வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இந்த வகைப் பூட்டை இங்கிலாந்தில் 1818-லேயே சப் என்பவர் செய்திருந்தார். அர்தேஷிர் அதை நம் நாட்டுப் பட்டறையிலிருந்து கொடுத்தார்.

சாதாரண லீவர் பூட்டில் தகடுகளை அழுத்திப் பிடிக்க வில்சுருள் இருக்கும். நாளாக நாளாக அது தளர்ந்துவிடும், சில நேரம் ஒடிந்துவிடும். பிறகு சரியான சாவிக்கும் பூட்டு திறக்காது. இதற்கு ஒரு வழி கண்டு, வில்சுருளே இல்லாத பூட்டைச் செய்து, 1909-இல் காப்புரிமை பெற்றார்.

பெட்டியும் சோப்பும்

பூட்டு மட்டும் பலமாக இருந்தால் போதுமா? பெட்டி பலமில்லாவிட்டால் திருடன் பெட்டியை உடைத்துவிடுவானே! அதனால் இரும்புப் பெட்டியில் கவனம் செலுத்தினார். 1902-இல் அவருடைய முதல் பெட்டி விற்பனைக்கு வந்தது. கதவுக்கு இரண்டு தகடு வைத்து, பூட்டை உள் தகட்டில் பொருத்தினார். வெளித் தகட்டை உடைத்தாலும் பூட்டு பிடிபடாது. தம்பி பிரோஜ்ஷாவும் தொழிலில் சேர்ந்துகொண்டார். 1923-இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கினார்கள். நம் வீட்டு பீரோவுக்கும் பள்ளி, அலுவலக லாக்கர்களுக்கும் அதுதான் முன்னோடி.

காமாவின் கடன் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? தொழில் நிமிர்ந்ததும் பணத்தைத் திருப்பித் தர அர்தேஷிர் போனார். அப்போது காமா நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். பணம் வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாக, தம் உறவுப் பையன் பாய்ஸுக்கு ஒரு வழி காட்டும்படி கேட்டுக்கொண்டார். அர்தேஷிர் பாய்ஸைத் தொழிலில் பங்காளியாகவே சேர்த்துக்கொண்டார். பாய்ஸ் சில காலத்தில் விலகிப் போய்விட்டார். ஆனால் நிறுவனத்தின் பெயரிலிருந்து அவர் பெயரை அர்தேஷிர் எடுக்கவே இல்லை. நன்றி மறவாத மனம் என்பது இதுதான் குழந்தைகளே!

பிறகு சோப்புத் தொழிலிலும் இறங்கினார். அந்நாளில் சோப்பில் விலங்குக் கொழுப்பு கலப்பது வழக்கம். அர்தேஷிர் தாவர எண்ணெயில் சோப்பு செய்தார். அதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'சாவி'! குஜராத்தியிலும் அதே பொருளில் 'சாவி' என்பார்கள், இந்தியில் 'சாபி' என்பார்கள். பூட்டுக்காரர் வேறென்ன பெயர் வைப்பார்?

சுதேசி இயக்கத்துக்கு அவர் கை கொடுத்தார். திலகர் நினைவாகத் திரட்டிய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் வழங்கினார். ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் கறாராக இருந்தார். நம் நாட்டுப் பொருள் என்பதற்காக மட்டும் மட்டமான பொருளை மக்கள் தலையில் கட்டக் கூடாது. சீமைப் பொருளைவிட நல்லதாகச் செய்துதான் வாங்க வைக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

1928-இல், 60 வயதில், தொழிலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நாசிக் பக்கம் போய் விவசாயத்தில் இறங்கினார். 1936-இல் மறைந்தார்.

அவர் மறைந்து 15 ஆண்டுகள் கழித்து, சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் வந்தது. 1951-52-இல் நடந்த அந்தத் தேர்தலுக்கு 12 லட்சத்துக்கும் அதிகமான இரும்பு ஓட்டுப் பெட்டிகளைச் செய்து கொடுத்தது அவர் தொடங்கிய நிறுவனம். தனிப் பூட்டு போட்டால் விலை கூடும் என்பதால், பூட்டைப் பெட்டிக்குள்ளேயே அமைத்தார்கள். உண்மைக்காக வக்கீல் அங்கியைக் கழற்றியவரின் பட்டறை, ஒரு நாட்டின் ஓட்டுகளைக் காத்தது!

நீங்கள் பூட்டு வாங்கும்போது

நம் கடையநல்லூருக்குப் பக்கத்தில் குற்றாலம் இருக்கிறது. சாரல் தொடங்கினால் குளிக்கக் கூட்டம் கூடும். துணி மாற்றும் அறையில் பையை எங்கே வைப்பது என்பதுதான் எல்லாருக்கும் கவலை. நீச்சல் குளம், விளையாட்டு மைதானம் என்று போனாலும் இதே கவலைதான். உங்கள் பள்ளியில் உடை மாற்றும் அறைக்கு லாக்கர் வாங்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில், அது ஈரம் படும் இடம். சாதாரண இரும்புப் பூட்டு துருப்பிடித்து இறுகிவிடும். பித்தளைப் பூட்டு நல்லது. லாக்கரின் கதவில் காற்றுத் துளைகள் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஈரத்துண்டு நாறும், தகடும் துருவேறும்.

இரண்டாவது, பூட்டின் வளையம் நாதாங்கியின் ஓட்டையில் சிக்கென்று பொருந்த வேண்டும். நீளமான, மெல்லிய வளையம் என்றால் இடைவெளியில் கம்பியை விட்டு நெம்பிவிடுவார்கள். நாதாங்கியின் திருகாணி வெளியே தெரிந்தால், பூட்டைத் தொடாமலே திருகாணியைக் கழற்றிவிடலாம். எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும், அதை மாட்டிய நாதாங்கியின் பலம்தான் அதன் பலம்.

மூன்றாவது, குளிக்கும்போது சாவியை எங்கே வைப்பது? கையில் கட்டிக்கொள்ளும் பட்டையுள்ள சாவி வாங்கலாம். அல்லது எண் பூட்டு வாங்கலாம். வெளிநாடு போகிறவர்களின் பெட்டியில் பார்த்திருப்பீர்களே, அதுதான். 3 எண் பூட்டில் 000 முதல் 999 வரை 1,000 வாய்ப்பு உண்டு. ஒன்றைப் பார்க்க 3 விநாடி என்றால், 50 நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்! 4 எண் என்றால் 10,000 வாய்ப்பு. 8 மணி 20 நிமிடம் ஆகும். ஓர் எண் கூடினால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ஆனால் பிறந்த தேதியை மட்டும் எண்ணாக வைக்காதீர்கள். அது உங்கள் வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

இன்னொன்று. தங்கச் சங்கிலியையும் அதிகப் பணத்தையும் குளிக்கப் போகும் இடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். வீட்டில் இருக்கும் பொருளுக்கு லாக்கர் தேவையில்லை.

பூட்டு என்றதும் நம் திண்டுக்கல்லை மறக்க முடியுமா? அங்கே கையாலேயே பூட்டு செய்கிறார்கள். மாங்காய் வடிவத்தில் இருப்பதற்கு மாங்காய்ப் பூட்டு என்றே பெயர். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போகும்போது கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். உடைக்க முடியாத பூட்டு உலகத்தில் இல்லை. லண்டனில் ஒரு கடையின் சன்னலில், முடிந்தால் திறந்து பாருங்கள் என்று சவால் விட்டு ஒரு பூட்டை வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் யாராலும் முடியவில்லை. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, 51 மணி நேரம் போராடித் திறந்துவிட்டார்!

ஆகவே பூட்டு செய்யும் வேலை பாதிதான் குழந்தைகளே. மீதி வேலை மனிதர்களுடையது. பக்கத்து லாக்கர் திறந்து கிடந்தால், அதைச் சாத்திவிட்டு நண்பனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். யாரும் பார்க்காதபோதும் அப்படிச் செய்யும் பிள்ளைகள் இருக்கிற பள்ளியில், பூட்டுக்கு வேலை குறைவு. பூட்டு செய்து பேர் வாங்கிய அர்தேஷிரும் சான்சிபாரில் அப்படித்தான் நின்றார். அவரைப் பூட்டிவைக்க அங்கே யாரும் இல்லை. அவர் மனசாட்சிதான் இருந்தது.