ஸ்கூபா டைவிங் தந்த கூஸ்தோ, கடல் குப்பைக்கு எதிராகத் திரும்பியது ஏன்?

சேலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை புதுச்சேரி. சேலம், நாமக்கல் பக்கத்து ஐடி இளைஞர்களுக்கு ஸ்கூபா டைவிங் இப்போது சாதாரண வீக்எண்ட் பிளான். ஆனால் கடலுக்கடியில் மீனோடு சேர்ந்து பிளாஸ்டிக் கவரும் அறுந்த வலையும் கண்ணில் படுகின்றன. இப்படி சிலிண்டரை மாட்டிக்கொண்டு நீந்த வழி செய்த ஜாக் கூஸ்தோவும் இதே ஏமாற்றத்தைப் பார்த்தவர்தான்.

1910-ல் பிரான்ஸில் பிறந்த கூஸ்தோவுக்கு விமானி ஆகணும் என்பதுதான் ஆசை. கடற்படையில் பயிற்சியில் இருந்தபோது 1936-ல் கார் விபத்து, கைகள் முறிந்தன. அதோடு அந்தக் கனவு முடிந்தது. கை தேற நீச்சலடித்தவர், நண்பர் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தார். அன்றிலிருந்து கடல்தான் வாழ்க்கை.

1943. இரண்டாம் உலகப் போர் நேரம், பிரான்ஸில் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்களை கேஸில் ஓட்ட எமில் கான்யான் என்ற இன்ஜினியர் ஒரு ரெகுலேட்டர் செய்திருந்தார். இருவரும் சேர்ந்து அதையே டைவிங்குக்கு மாற்றினார்கள். மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்று வரும். இதுதான் 'அக்வாலங்'. இன்றைய ஸ்கூபா செட்டுக்கும் அடிப்படை இதுவே.

பிறகு 'கலிப்ஸோ' கப்பல். போரில் கண்ணிவெடி அகற்றப் பயன்பட்ட அந்தக் கப்பலை, ஒரு கோடீஸ்வரர் வருஷத்துக்கு ஒரு ஃபிராங்க் வாடகைக்குக் கொடுத்தார். அதில் போய் எடுத்த 'தி சைலன்ட் வேர்ல்டு' படம் 1956-ல் கான் விழாவின் உச்ச விருதையும், பிறகு ஆஸ்கரையும் வென்றது.

இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் அதிர்ச்சிதான். மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறையில் டைனமைட் வைக்கிறார்கள். கப்பலில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள். கடலுக்கு முடிவே இல்லை என்று நினைத்த காலம் அது. கூஸ்தோவும் அப்படித்தான் இருந்தார். அதை மறைத்துவிட்டு அவரைக் கடல் காவலராக மட்டும் கொண்டாடினால், அவர் எவ்வளவு தூரம் மாறினார் என்பதே புரியாது.

1960-ல் பிரான்ஸின் அணுசக்தி அமைப்பு, கதிரியக்கக் கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டத் திட்டமிட்டது. கூஸ்தோ வெளிப்படையாக எதிர்த்தார், மக்களும் சேர்ந்தார்கள். திட்டம் நின்றது. இளமையில் முங்கிய இடங்களுக்குத் திரும்பிப் போனபோது மீன் குறைந்திருந்தது, அழுக்கு கூடியிருந்தது. 1973-ல் கூஸ்தோ சொசைட்டி தொடங்கினார். தொழிற்சாலைக் கழிவும் நகரத்துச் சாக்கடையும் ஆறு வழியாகக் கடலுக்கு வருவதைத் தன் டிவி நிகழ்ச்சிகளில் மறுபடி மறுபடி காட்டினார்.

இங்கேதான் சேலம் வருகிறது. ஏற்காடு மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரத்துக்குள் சாக்கடையும் சாயக்கழிவும் குப்பையும் வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. சேரும் இடம் மேட்டூர் அணைக்குக் கீழே. அதனால் மேட்டூரில் எதுவும் தங்க வழியில்லை. வெள்ளக் காலத்தில் முக்கொம்பில் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் கொள்ளிடம் வழியாக நேரே வங்கக் கடலுக்கு. அதோடு மிதப்பதும்தான். கடலே இல்லாத ஊர் என்று சேலம் தப்பித்துக்கொள்ள முடியாது. டைவிங் போகிறவர் கடலுக்கடியில் பார்க்கும் கவர் அவர் தெருவிலிருந்தே கிளம்பியிருக்கலாம்.

1996-ல் சிங்கப்பூர் துறைமுகத்தில் இன்னொரு கலம் மோதி கலிப்ஸோ மூழ்கியது. அடுத்த வருஷம் ஜூன் 25, 1997-ல் பாரிஸில் கூஸ்தோ இறந்தார், வயது 87. அதற்கு அடுத்த வருஷம், உலகின் மிக ஆழமான மரியானா அகழியில், கிட்டத்தட்ட 10,900 மீட்டர் ஆழத்தில், ஜப்பானிய ஆய்வுக் கருவியின் கேமராவில் ஒரு பொருள் பதிவானது. அது ஒரு பிளாஸ்டிக் பை.